லாரியில் இருக்கும் பாலிசி யாரைக் காக்கிறது?

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி வைத்திருப்பவரிடம் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால் முதலில் பிரீமியக் கணக்குதான் வரும். அதில் நியாயம் உண்டு. மொத்த எடை 20 டன்னைத் தாண்டி 40 டன் வரை உள்ள சரக்கு லாரிக்கு, 2022-இல் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி, தேர்டு பார்ட்டிக்கு மட்டுமே ஆண்டுக்கு 43,950 ரூபாய், வரி தனி. டீசல், டோல், பைனான்ஸ் தவணைக்கு நடுவே இவ்வளவு கட்டுகிறவர், அது யாரைக் காக்கிறது என்று தெரிந்தே கட்ட வேண்டும்.

1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டியை மட்டும்தான். உங்கள் வண்டியால் அடிபட்டவருக்கான ஏற்பாடு அது. உங்கள் லாரி பள்ளத்தில் உருண்டால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துக் கட்டுவதைத்தான் ஏஜென்ட்கள் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்கிறார்கள். வணிக வாகனத்துக்கு அதிலும் ஓட்டை இருக்கிறது. பாலிசித் தாளில் ‘ஐஎம்டி 23’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்த்திருந்தால்தான் ஹெட்லைட், பம்பர், மட்கார்டு, டயர், பெயின்ட் ஆகியவற்றின் சேதத்துக்குப் பணம் கிடைக்கும். முன்னால் மோதிய லாரியில் முதலில் நொறுங்குவது இவைதானே? எண் இல்லையென்றால், வண்டியே முழுதாக அழிந்தாலொழிய, இவற்றைச் செலவுக் கணக்கிலிருந்து, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அடித்துவிடுவார்.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் உரிமையாளர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வண்டி சாலையில் ஓடும்போது கவிழ்வது வேறு. போர் போட நிறுத்தி, இயந்திரம் வேலை செய்யும்போது சரிவது வேறு. இரண்டாவதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். வட மாநிலத்துக்கு வண்டியை அனுப்பும் முன் இதை ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதுதான். கிடா வெட்டுக்கும் கல்யாணத்துக்கும் மினி லாரியில் முப்பது பேர் நின்றுகொண்டு போவதை நம் பக்கத்தில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. சரக்கு வண்டியில் டிரைவர், கிளீனர் போன்ற பணியாளருக்கும், சரக்கோடு போகும் அதன் உரிமையாளர் அல்லது அவர் அனுப்பிய ஆளுக்கும் மட்டுமே சட்டம் பாதுகாப்பு தருகிறது. சும்மா ஏறிவந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் இழப்பீடு முழுவதும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். அவரிடம் சொத்து இல்லையென்றால், இறந்தவர் குடும்பத்தின் கையில் தீர்ப்பு நகல் மட்டும்தான் இருக்கும்.

பழைய லாரியை விற்றவரும் கவனிக்க வேண்டும். கையெழுத்திட்ட பெயர் மாற்ற ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி. பெயரை மாற்றாமல் விட்டால், விபத்து நடக்கும்போது சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றமே இதை உறுதிசெய்தது. பாலிசி அதற்குள் முடிந்துபோயிருந்தால் இழப்பீட்டை நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலும் உங்கள் உரிமை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர் உரிமையாளர்களின் வழக்கு அங்கே எடுக்கப்படும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்ல அதிகாரம் உண்டு. இல்லையென்றால் நாமக்கல்லிலோ சேலத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். வணிக வாகனம் என்பதற்காக இன்சூரன்ஸ் வழக்கைத் தள்ள முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதித் தொகையைக் காட்டி ‘முழுத் திருப்தி’ என்று கையெழுத்துக் கேட்டால், மறுப்பு தெரிவித்தே வாங்குவதாக எழுதிக் கொடுங்கள்.

விபத்தில் டிரைவரே இறந்து, தவறும் அவருடையது என்றாகிவிட்டால், இனி எதுவும் கிடைக்காது என்று குடும்பம் ஒதுங்கிவிடுகிறது. பணியாளர் இழப்பீட்டுக்கு, அவர் வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த விபத்தில் இறந்திருந்தாலே போதும், கவனக்குறைவு தடையாகாது. இதற்கான மனு தொழிலாளர் துறையில். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அடிபட்ட வேற்றாளின் குடும்பம் போவது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு. 2019 திருத்தத்தில் அதற்கு ஆறு மாதம்தான் கெடு வைத்திருக்கிறார்கள். காரியம் முடிந்த கையோடு ஆவணங்களைத் திரட்டுங்கள். கணவனை இழந்த பெண், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.