விளக்குக்குப் பின்னால் கை போகுமா?

காரின் ஹெட்லைட் பல்பு போய்விட்டால் முதலில் வருவது பணக் கணக்கு. சாதாரண ஹாலஜன் பல்புதானே, சில நூறு ரூபாயில் முடிகிற காரியம், இதற்கு எதற்குக் கூலி என்று பானட்டைத் திறக்கிறோம். திறந்த பிறகுதான் சங்கதி தெரியும். ஒரு விளக்கின் முதுகை ஒட்டிப் பேட்டரி உட்கார்ந்திருக்கும். இன்னொன்றின் பின்னால் ஏர் ஃபில்டர் பெட்டியோ வைப்பர் தண்ணீர் டப்பாவோ இருக்கும். கை போனால் கண் போகாது. கண் போனால் கை போகாது.

இதில் உங்கள் கைப்பழக்கக் குறை கொஞ்சம்தான். மீதிச் சிரமம் வண்டியை வரைந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது. அது எப்படி என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் பாதி குறையும். வேலையும் ஒழுங்காக முடியும்.

கடைக்குக் கிளம்பும் முன், போனது பல்புதானா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும், அதிலும் லோ பீம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் முதலில் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். இண்டிகேட்டர் திடீரென்று அவசர அவசரமாகத் துடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும். ஒரு 21 வாட் பல்பு அணைந்து மின்னோட்டம் குறைந்ததும், ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே வேகமாக அடிக்கும்படிதான் அதன் ரிலேயைச் செய்திருக்கிறார்கள்.

பல்புதான் என்று உறுதியானால் இரண்டாக வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு எரிந்தவை. ஒன்று போனால் மற்றது ரொம்ப நாள் தாங்காது. கையைக் கீறிக்கொள்வதை ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

எந்தப் பல்பு என்பது பழைய பல்பின் அடிப்பகுதியிலேயே எழுதியிருக்கும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் அதிகம் பார்ப்பது எச்4. ஒரே பல்புக்குள் இரண்டு ஃபிலமென்ட். ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனிப் பல்பு வைத்த வண்டிகளில் எச்7 இருக்கலாம். அதில் ஒரே ஃபிலமென்ட், 55 வாட்.

இனி வேலை. விளக்கை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பு கையைப் பொசுக்கிவிடும். ஆறிய பிறகு, எச்4 என்றால் பல்பின் மூன்று முள்ளில் மாட்டியிருக்கும் வயர் கப்ளரை உருவ வேண்டும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்ளரின் உடம்பைப் பிடித்து லேசாக அசைத்து அசைத்து எடுங்கள். அதற்குப் பின்னால் ரப்பர் மூடி. அதைக் கழற்றினால் பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் தெரியும்.

பலருடைய பொறுமை போவது இந்தக் கிளிப்பில்தான். அழுத்தி, பக்கவாட்டில் தள்ளி, கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே காரியத்தைக் கண்ணால் பார்க்காமல், பல்பு நழுவாமல், ஒரு கையால் செய்ய வேண்டும். ஒரு வழி உண்டு: கழற்றும் முன் செல்போனை உள்ளே நுழைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். கிளிப் எந்தப் பக்கம் கீலாக நிற்கிறது, எந்தப் பக்கம் மாட்டுகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

பல்பு ஏன் இவ்வளவு பிடிவாதமாக உட்கார வேண்டும்? எச்4 பல்பின் தட்டில் மூன்று காதுகள் இருக்கும். ஒன்று மட்டும் அகலம். மிக்ஸி ஜாரின் அடிப்பகுதி போல, சரியான நிலையில் வைத்தால்தான் உட்காரும். லோ பீம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைக்கிறது. அதனால்தான் எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் வெளிச்சம் ஒரு கோட்டுக்குக் கீழே நிற்கிறது. பல்பு சற்றே சாய்ந்து உட்கார்ந்தாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு பானட்டை மூடாதீர்கள். வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, இரண்டு பக்கக் கோடும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் லோ பீம் இடது ஓரத்தில் சற்று மேலேறும். அது குறை அல்ல.

புதுப் பல்பின் கண்ணாடியைத் தொடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் இது. ஃபிலமென்ட்டிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் படிந்தால் பல்பு கறுத்துப்போகும். உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு அந்த ஆவியோடு சேர்ந்து, அதைத் திரும்ப ஃபிலமென்ட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இது நடக்க வேண்டுமானால் கண்ணாடியின் சுவர் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் பல்பு இவ்வளவு சின்னது; பெரும்பாலும் குவார்ட்ஸில் செய்தது. அந்தச் சூட்டில் விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும் பட்ட இடம் மட்டும் பால் நிறமாகி பலவீனப்படும். பல்பு அங்கே உப்பும், சில சமயம் உடையும். தெரியாமல் தொட்டுவிட்டால் தூக்கிப்போட வேண்டாம். ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம்.

இனி அந்த மேசைக்கு வருவோம். அம்பாசடர், பத்மினி காலத்து வட்ட விளக்குகளில் வெளி வளையத்தைக் கழற்றினால் விளக்கு முன்பக்கமாகவே கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை சீல்டு பீம்தான் சட்டம்: பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒரே துண்டு. மொத்தமாக மாற்றினாலும் வேலை கண்ணுக்கு எதிரே நடந்தது. பிறகு ஒவ்வொரு காருக்கும் முகம் தனி என்றாயிற்று. விளக்கு பம்பரோடும் பானட்டோடும் இழைந்தது. பல்புக்கு வழி முதுகுப்பக்கம் மட்டுமே மிஞ்சியது. அதே சமயம் ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் இன்னும் பலதும் பானட்டுக்கு அடியில் குடியேறின.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல நாடுகள் ஏற்ற ஐ.நா.வின் 48ஆம் வாகன ஒழுங்குமுறை, மாற்றக்கூடிய ஃபிலமென்ட் பல்பை வல்லுநர் உதவியில்லாமலும், வண்டியோடு வருவதைத் தவிர வேறு தனிக் கருவி இல்லாமலும் மாற்ற முடிய வேண்டும் என்கிறது. முறையை எழுதிக் கொடுக்கவும் சொல்கிறது. ஆனால் சக்கரத்தைத் திருப்பி, மட்கார்டின் உள்மூடியை விலக்கி, முழங்கை வரை நுழைப்பதும் அந்த விதிக்குள் அடங்கிவிடுகிறது.

பின்விளக்கில் பாடு குறைவு. டிக்கியைத் திறந்து ஹோல்டரைத் திருகினால் பல்பு வந்துவிடும். பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட் என்று இரட்டை ஃபிலமென்ட் பல்பாக இருந்தால் அதன் இரண்டு பக்க முளைகளும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். ஹோல்டருக்குள் நுழையவில்லை என்றால் அரைச்சுற்றுத் திருப்பிப் போடுங்கள், அழுத்தி நுழைக்காதீர்கள். பிரேக்கை மிதித்தால் சம்பந்தமில்லாத விளக்கு மங்கலாக எரிகிறதா? பல்பை விட்டுவிட்டு எர்த்தைப் பாருங்கள். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து ஃபிலமென்ட் வழியாகப் போகிறது.

இத்தனை பாடுபட்டு மாட்டுகிறோமே, 100/90 வாட் போட்டால் என்ன என்று ஆசை வரும். 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். 5 ஆம்பியருக்குப் போட்ட கப்ளர் இளகிவிடும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பை மாட்டினாலும் சிக்கல்தான். ஃபிலமென்ட் இருந்த புள்ளியில் ஒளி அப்படியே பிறக்காவிட்டால் அது எதிரே வருபவர் கண்ணில் சிதறும்.

புதுக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே எல்இடி வருகிறது. பல்பு மாற்றும் தொல்லை இல்லை. பழுதானால் பெரும்பாலும் விளக்கையே முழுதாக மாற்ற வேண்டும், செலவு ஆயிரங்களில். ஆகவே அடுத்த கார் பார்க்கப் போகும்போது மைலேஜ் கேளுங்கள், விலை கேளுங்கள். கூடவே இரண்டு காரியம் செய்யுங்கள். ஹாலஜன் விளக்கு என்றால் பானட்டைத் திறக்கச் சொல்லி விளக்கின் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். எல்இடி என்றால் ஒரு பக்க விளக்கு முழுதாக என்ன விலை என்று ஸ்பேர்ஸ் கவுண்டரில் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் விளம்பரத் தாளில் பதில் இருக்காது.