‘காஸி’யை மூழ்கடித்தது யார்? 50 ஆண்டுகள் தாண்டியும் வைசாக் கடலில் கிடக்கும் கேள்வி

2017ல் வெளியான ‘காஸி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு கிளைமாக்ஸ் நினைவிருக்கும். கடலுக்கு அடியில் இந்திய நீர்மூழ்கியும் பாகிஸ்தான் நீர்மூழ்கியும் நேருக்கு நேர் மோதும். கடைசியில் இந்திய டார்பிடோ பாய, ‘காஸி’ காலி!

ஆனால் நிஜத்தில் அப்படி ஒரு மோதல் நடந்ததாக இந்தியக் கடற்படையே சொல்லவில்லை. கடற்படையின் கணக்குப்படி காஸியை வீழ்த்தியது ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பல். பாகிஸ்தானோ, ‘யாரும் வீழ்த்தவில்லை, அது விபத்து’ என்கிறது. இந்திய ராணுவத்தின் மூத்த தளபதி ஒருவரே நம் தரப்புக் கதையைச் சந்தேகித்து எழுதியிருக்கிறார்.

அப்படின்னா 1971 டிசம்பரில் விசாகப்பட்டினம் கடலில் என்னதான் நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

காஸி என்பது என்ன?

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கா கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் இது. அப்போது இதன் பெயர் யுஎஸ்எஸ் டயாப்லோ. 1945ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. 1964ல் பாகிஸ்தானுக்குக் கைமாறி ‘பிஎன்எஸ் காஸி’ ஆனது. தெற்காசியாவில் ஒரு நாட்டின் கடற்படைக்குக் கிடைத்த முதல் நீர்மூழ்கி இதுதான்.

1971ல் பாகிஸ்தானிடம் இதைவிடப் புதிய பிரெஞ்சு நீர்மூழ்கிகள் இருந்தன. ஆனால் கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடாவுக்கு வந்து, அங்கேயே பல நாள் காத்திருந்து திரும்பும் தூரம் தாங்கக்கூடியது காஸி மட்டும்தான்.

நவம்பர் 14 அன்று 90க்கும் மேற்பட்ட மாலுமிகளுடன் கராச்சியை விட்டுக் கிளம்பியது காஸி. கேப்டன் ஜாபர் முகமது கான். குறி, இந்தியாவின் ஒரே விமானம் தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த். அதோடு, வைசாக் துறைமுக வாசலில் கண்ணிவெடி விதைக்கும் வேலையும் இருந்தது.

சென்னையில் தேடல், வைசாக்கில் தூண்டில்

நவம்பர் 23 வாக்கில் காஸி முதலில் தேடியது சென்னைக் கடல் பகுதியில். ஆனால் விக்ராந்த் அங்கே இல்லை. கொதிகலனில் விரிசல் விட்டிருந்ததால் விக்ராந்தால் முழு வேகத்தில் ஓட முடியாது. நீர்மூழ்கி துரத்தினால் தப்புவது கஷ்டம். அதனால் சத்தமே இல்லாமல் அதை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் திட்டத்தின் மூளை, கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்த தமிழர்.

நீர்மூழ்கிகளுக்குத் தேவைப்படும் ஒரு வகை எண்ணெய் பற்றி கராச்சியிலிருந்து சிட்டகாங்குக்குப் போன தகவலை இந்தியா இடைமறித்தது. ‘பாகிஸ்தான் நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்கு வருது’ என்பது உறுதியானது. உடனே கிருஷ்ணன் தூண்டில் போட்டார்.

ரிட்டயர் ஆக வேண்டிய வயதில் இருந்த ஐஎன்எஸ் ராஜ்புத்தைக் கடலுக்கு அனுப்பி, ‘விக்ராந்த்’ போல வயர்லெஸ் செய்திகளை அள்ளி வீசச் சொன்னார். விக்ராந்த் மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பது போல, ரகசியக் குறியீடு இல்லாமல் ஒரு தந்தி போனது. ஒற்றர்கள் காதில் விழட்டும் என்றே வைசாக்கில் ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு மளிகையும் இறைச்சியும் ஆர்டர் செய்யப்பட்டன.

மீன் சிக்கியது. காஸி வைசாக்குக்கு வந்தது.

அந்த இரவு: இந்தியா சொல்வது என்ன?

டிசம்பர் 3 மாலை இந்திய விமானத் தளங்கள் மீது பாகிஸ்தான் குண்டு வீச, போர் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் வைசாக் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. நீர்ப்பரப்பில் ஏதோ சலனம் தெரிய, அந்த இடத்தில் 2 டெப்த் சார்ஜ்களைப் போட்டது. டெப்த் சார்ஜ் என்பது, தண்ணீருக்குள் குறிப்பிட்ட ஆழம் போனதும் வெடிக்கும் குண்டு.

சில நிமிடங்களில் பயங்கர வெடிச்சத்தம். கரையில் இருந்த மக்களுக்கும் அது கேட்டது. அடுத்து மீனவர்கள் மிதந்த பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்து, கீழே கிடப்பது காஸி என்று உறுதி செய்தார்கள். கிடைத்த கடிகாரம் ஒன்று, கரையில் வெடிச்சத்தம் கேட்ட நேரத்தை ஒட்டியே நின்றுபோயிருந்தது என்கிறது கிருஷ்ணன் தரப்பு. டிசம்பர் 9 அன்று இந்தியா இதை அறிவித்தது. காஸியில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

சந்தேகம் எங்கே ஆரம்பிக்கிறது?

சிக்கலே, கடலடியில் கிடந்த காஸியின் நிலைமையில்தான். அதன் முன்பகுதி, அதாவது டார்பிடோக்களும் கண்ணிவெடிகளும் இருக்கும் இடம், உள்ளிருந்து வெளியே பிய்ந்துபோயிருந்தது. வெளியில் வெடிக்கும் குண்டு, கப்பலை உள்நோக்கித்தானே நசுக்கும்?

இதை விளக்க மூன்று சாத்தியங்கள் முன்வைக்கப்படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனால் இவற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான அனுபவம் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நிறையவே உண்டு.

1. பேட்டரி வாயு: காஸி போன்ற டீசல் நீர்மூழ்கிகள் தண்ணீருக்குள் பேட்டரியில் ஓடும். இரவில் மேலே வந்தோ, காற்றுக்குழாயை மட்டும் வெளியே நீட்டியோ இன்ஜினை ஓட்டி சார்ஜ் செய்யும். காஸியில் இருந்தது 252 லெட் ஆசிட் செல்கள். சார்ஜ் ஆகும்போது இவை ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தொட்டாலே, ஒரு தீப்பொறி போதும். ஓசூர் கம்பெனிகளில் ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் போடும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனும் ‘புகை பிடிக்காதீர்’ போர்டும் இருப்பது இதனால்தான். மூடிய கப்பலுக்குள் காற்றோட்டம் கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து.

2. சொந்தக் கண்ணிவெடி: தான் விதைத்த கண்ணிவெடி மீதே காஸி மோதியிருக்கலாம், அல்லது விதைக்கும்போதே அது வெடித்திருக்கலாம். பாகிஸ்தான் தரப்பு பெரும்பாலும் சொல்வது இதைத்தான்.

3. ராஜ்புத்தின் குண்டு தந்த அதிர்ச்சி: கிருஷ்ணகிரி குவாரிகளில் வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு குழியில் வெடிப்பது, பக்கத்துக் குழியில் இருக்கும் மருந்தையும் வெடிக்க வைக்கலாம். தண்ணீரில் அதிர்ச்சி அலை காற்றில் போவதைவிட வலுவாகப் பரவும். ராஜ்புத்தின் குண்டு வெளியே வெடிக்க, அந்த அதிர்ச்சியில் காஸிக்குள் இருந்த வெடிபொருள் வெடித்திருந்தால், உடைசல் வெளிநோக்கியே இருக்கும்.

கவனித்தீர்களா? உடைந்த முன்பகுதி மூன்று கதைக்குமே பொருந்துகிறது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

ஒரு போன் கால், காணாமல் போன ஃபைல்கள்

அடுத்த கேள்வி நேரம் பற்றியது. 1971ல் ராணுவத்தின் கிழக்குப் பிராந்தியத்தில் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ ஆக இருந்தவர் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். டாக்கா சரணடைதலில் முக்கியப் பங்கு வகித்தவர். டிசம்பர் 3 காலையிலேயே கிருஷ்ணன் தன்னை போனில் அழைத்து, மீனவர்கள் நீர்மூழ்கியின் உடைசல்களைக் கண்டெடுத்ததாகச் சொன்னார் என்று அவர் பின்னாளில் எழுதினார்.

இது உண்மையானால், ராஜ்புத் குண்டு போடும் முன்பே காஸி மூழ்கிவிட்டது. போர் முறைப்படி தொடங்கும் முன்பே மூழ்கிவிட்டது என்றும் அர்த்தம்.

ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. ஜேக்கப்பின் புத்தகம் வந்தது 1997ல். கிருஷ்ணன் 1982லேயே காலமாகிவிட்டார். இருவருக்குள் நடந்த போன் பேச்சு, எனவே இதில் ஒருவர் பக்கம் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

‘சரி, பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தால் தெரிஞ்சிடுமே’ என்று தோன்றும். காஸி தொடர்பான கடற்படை ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010ல் செய்திகள் வெளியாகின. அதோடு அந்த வழியும் அடைபட்டது.

கப்பலைத் தூக்கிப் பார்த்தால்?

ரஷ்யாவின் ‘குர்ஸ்க்’ நீர்மூழ்கி 2000ல் மூழ்கி 118 பேர் இறந்தபோதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2001ல் கப்பலின் பெரும்பகுதியைத் தூக்கி ஆராய்ந்த பிறகே, உள்ளே இருந்த டார்பிடோவின் எரிபொருள் கசிந்து வெடித்தது என்ற முடிவுக்கு விசாரணை வந்தது. 

காஸி விஷயத்தில் அது நடக்கவில்லை. 2024 பிப்ரவரியில், ஆழ்கடல் மீட்பு வாகனத்தின் உதவியுடன் காஸி கிடக்கும் இடத்தை இந்தியக் கடற்படை கண்டறிந்த செய்தி வந்தது. ஆனால் அதைத் தொடவில்லை. 90க்கும் மேற்பட்டவர்கள் உறங்கும் கல்லறை அது. எதிரி நாட்டவர் என்றாலும் மாலுமிகளின் கல்லறையைக் கலைப்பதில்லை என்பது கடற்படைகளின் மரபு.

அப்போ, ஜெயித்தது யார்?

‘யார் மூழ்கடித்தது?’ என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. ஆனால் ‘காஸி ஏன் அங்கே வந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் தெளிவாக இருக்கிறது. இல்லாத விக்ராந்தைத் தேடி வந்தது. டெப்த் சார்ஜோ, கண்ணிவெடியோ, பேட்டரியோ, எது முடித்து வைத்திருந்தாலும் அந்த இடத்துக்கு அதை வரவழைத்தது ஒரு தந்தியும் மளிகை ஆர்டரும்தான்.

அந்த நேரத்தில் நிஜ விக்ராந்த் பத்திரமாக இருந்தது. டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானுக்கான கடல் வழி அடைபட்டது. டிசம்பர் 16ல் டாக்கா சரணடைந்தது.

எனவே ராஜ்புத் பற்றிய சந்தேகம், 1971 வெற்றியைக் குறைத்துவிடாது. அதே சமயம் அந்த வெற்றிக்காக சந்தேகத்தை மறைக்க வேண்டியதும் இல்லை. காஸி மாலுமிகளின் குடும்பங்களுக்கும் தங்கள் வீட்டு ஆட்கள் எப்படி இறந்தார்கள் என்பது கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை. ஒரு தலைமுறை கடந்து, அந்தக் கேள்வி இப்போது பேரப்பிள்ளைகள் கையில்.

அடுத்த முறை வைசாக் போனால், ஆர்.கே. பீச்சில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக்குள் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். குனிந்து நடக்க வேண்டிய அந்தக் குறுகலான பாதையில் நின்று பார்த்தால், அப்படியொரு கப்பலுக்குள் 90க்கும் மேற்பட்டவர்களின் கடைசி நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும் என்பது கொஞ்சமாவது புரியும். அங்கிருந்து கண்ணுக்கெதிரே விரியும் அதே கடலில்தான் காஸியும் கிடக்கிறது.