கத்திரி வெயிலும் நண்பகல் குளியலும்

2003 மே 31 அன்று சென்னையில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. எல்லா ஆண்டும் அவ்வளவு உயர்வதில்லை. எனினும் கத்திரி வெயில் நாள்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மொட்டைமாடித் தொட்டியின் நீர் நண்பகலில் வெந்நீராகவே குழாயில் வருகிறது. குளிக்கச் சென்ற முதியவர்கள் மயங்கி விழுவதற்கு இந்நீரும் ஒரு காரணமாகலாம்.

சூடான நீர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்குகிறது. வியர்த்து நீரிழந்த உடலில், இரத்த அழுத்த மாத்திரையோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ உட்கொள்பவருக்கு, இது தலைசுற்றலாக முடியும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்; மருத்துவரைக் கேளுங்கள். காலையிலேயே வாளியில் நீர் பிடித்து வையுங்கள். முக்காலியில் அமர்ந்து குளித்து, மெதுவாக எழுந்திருங்கள். கதவை உள்தாழிட வேண்டாம். கூச்சம் தடுக்கும் என்பதை அறிவேன். இடுப்பெலும்பு முறிவு அதனினும் கொடிது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெயிலில் வந்தவுடன் தலையில் நீர் பட்டால் ஜன்னி காணும் என்பார்கள். வெறும் களைப்பெனில், சற்று அமர்ந்து நீரோ மோரோ பருகியபின் குளிக்கலாம். (இதய, சிறுநீரக நோயாளிகள் தமக்குச் சொல்லப்பட்ட அளவுக்குள் பருகவேண்டும்.) ஆனால் உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். அப்போது ஜன்னிக்கு அஞ்சித் தாமதிக்கலாகாது. 108ஐ அழைத்துவிட்டு, நிழலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிறுங்கள். வாயில் எதையும் புகட்டாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.