வேகமா... விவேகமா?



கோடை விடுமுறைக்கு என் பேரனும் பேத்தியும் வந்திருந்தனர். வந்த அன்றே சண்டை!

'தாத்தா... இவ ஆடுறது தூங்குமூஞ்சி ஆட்டம்!' என்றான் பேரன்.

'இவன் ஆட்டத்துல மூளைக்கு வேலையே இல்ல தாத்தா. பட்டனைத் தட்டினா போதும்!' என்றாள் பேத்தி.

நானும், 'ஆமாம்டா... தட்டுறதுக்கு மூளை எதுக்கு?' என்றேன். பேரன் விடுவானா? கன்ட்ரோலரை என் கையில் கொடுத்து, 'நீங்க தட்டுங்க பார்க்கலாம்' என்றான். அரை நிமிடத்தில் நான் மல்லாந்து விழுந்தேன்... திரையில்தான்! அப்புறம்தான், இரண்டு பேரிடமும் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

பேரன் ஆடுவது சண்டை விளையாட்டு. 1991ல், ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' தான் இந்த வகையை உலகமெங்கும் பரப்பியது. இதில் எதிராளி நமக்காகக் காத்திருக்க மாட்டார். கண் சிமிட்டினால் உதை விழும்.

பேத்தி ஆடுவது, முறை வைத்து ஆடும் விளையாட்டு. அதே 1991ல், அமெரிக்காவில் சிட் மெய்யர், புரூஸ் ஷெல்லி இருவரும் உருவாக்கிய, 'சிவிலைசேஷன்' இந்த வகையில் புகழ்பெற்றது. கி.மு., 4000ல் ஆட்டம் தொடங்கும். ஊர் அமைக்க வேண்டும். எழுத்தையும் சக்கரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் யோசித்து முடிக்கும் வரை எல்லாம் அப்படியே நிற்கும். சதுரங்கமும், ஆடுபுலி ஆட்டமும் இதே ஜாதிதான். ஆனால், இன்று ஊரைத் தவறான இடத்தில் அமைத்தால், வெகு நேரம் கழித்து அதற்கு அனுபவிக்க வேண்டியிருக்கும்!

அப்படியானால், வேகமான ஆட்டத்தில் யோசனையே இல்லையா? இதைக் கேளுங்கள்...

2004ல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 'எவோ' என்ற போட்டி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3' ஆட்டத்தில், ஜப்பானின் டெய்கோ உமேஹராவும், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினர். டெய்கோவின் வீரனுக்கு உயிர் நூலிழைதான் பாக்கி. வாங், சரமாரியாக 15 உதைகளை ஏவினார். சாதாரணமாகத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும். அந்தக் கொஞ்சமும் டெய்கோவிடம் இல்லை. ஒரே வழி, ஒவ்வொரு உதையும் வந்து விழும் அதே கணத்தில், குச்சியை எதிராளி பக்கமாகத் தள்ள வேண்டும். 15 உதைகளையும் அப்படியே தட்டி விட்டு, திருப்பி அடித்து வென்றார் டெய்கோ. அரங்கமே எழுந்து கத்தியது!

ஒவ்வொரு உதையையும் பார்த்த பிறகு தள்ளினால் நேரம் போதாது. உதை வரப் போவதை அவர் முன்பே ஊகித்தார். அதன் தாளம் பயிற்சியால் அவர் கைக்குப் பழகியிருந்தது.

நம்ப முடியவில்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள். 30 செ.மீ., ஸ்கேலின் மேல் நுனியை நண்பர் பிடிக்கட்டும். கீழே பூஜ்யத்தின் அருகில், ஸ்கேலைத் தொடாமல், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வையுங்கள். அவர் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ., அருகே பிடித்தால், உங்களுக்கு ஆன நேரம் சுமார் 0.2 வினாடி. அடுத்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி, 'மூன்று' எனும்போது விடச் சொல்லுங்கள். இப்போது இன்னும் சீக்கிரம் பிடிப்பீர்கள். கை அதே கைதான். வரப் போவது முன்பே தெரிந்ததால் வந்த வேகம் இது!

இப்போது ஓர் உண்மையைச் சொல்லட்டுமா? நான் ஆசிரியராக இருந்தபோது, மனக்கணக்கில் முதலில் கை தூக்குபவனுக்கு மட்டும், 'சபாஷ்' சொல்வேன். கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன் கை தூக்கவே மாட்டான். 'மந்தம்' என்று ஒருநாள் திட்டி விட்டேன். பின்னொரு நாள், கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்து, 'நாளைக்குப் போட்டு வாருங்கள்' என்றேன். மறுநாள், சரியாகப் போட்டு வந்தவன் அவன் மட்டுமே. அதுவும் இரண்டு வழிகளில்!

எனக்கு வெட்கமாகி விட்டது. எல்லார் முன்னிலையிலும் அவனிடம், 'நான் சொன்னது தப்புப்பா' என்றேன். முதலில் கை தூக்கியவன் தினமும் வாய்ப்பாடு சொல்லிப் பழகியவன். அவன் முன்பே யோசித்து வைத்திருந்தான். இவன் அப்போதுதான் யோசித்தான். இவனுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் நேரம். அதன்பின், மனக்கணக்குக் கேட்டால், 'ஒரு நிமிடம் யாரும் கை தூக்கக் கூடாது' என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பேரன், பேத்தி வழக்கில் என் தீர்ப்பு என்ன தெரியுமா? ஒரு வாரம் ஆட்டத்தை மாற்றிக் கொள்ள வேண்டும்! பேரன் முதல் நாளே அவசரப்பட்டுத் தன் ஊரைப் பறிகொடுத்தான். பேத்தி, 19 முறை தோற்று, 20வது முறை அவனை வீழ்த்தினாள்.

'எப்படிடீ?' என்றான் அவன்.

'நீ குதிச்சா, அடுத்து உதைப்பேன்னு கண்டுபிடிச்சுட்டேன்!' என்றாள்.

குழந்தைகளே... உங்கள் வகுப்பிலும் மெதுவாகப் பதில் சொல்லும் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு நிமிடம் கொடுத்துப் பாருங்களேன்!