ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கியவர்கள்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு பாபிலோனியக் களிமண் பலகைகள் இருக்கின்றன. மூன்று கி.மு. 1730 வாக்கில் எழுதப்பட்டவை. நான்காவது சுமார் ஆயிரம் ஆண்டு பிந்தியது. ஆப்பெழுத்தில் உள்ள இவற்றை மருந்துக் குறிப்புகள் என்றே அறிஞர்கள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1940-களில் மேரி ஹஸ்ஸி என்ற அறிஞர், இவை சமையல் குறிப்புகள் என்றபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1980-களில் பிரெஞ்சு அறிஞர் ழான் போத்தெரோ அவற்றை வாசித்து, ஹஸ்ஸி சொன்னதே சரி என்று காட்டினார். போத்தெரோ நன்றாகச் சமைக்கவும் தெரிந்தவர். ஆனாலும் பரம எதிரிக்குத்தான் இந்தச் சாப்பாட்டைப் போடலாம் என்றார். மொழி கைவந்தது, குழம்பு கைவரவில்லை.

ஒரு பலகையில் 25 குறிப்புகள். பெரும்பாலும் சில வரிகள்தான். அளவும் இல்லை, நேரமும் இல்லை. ‘உப்பைத் திட்டமாப் போடு’ என்று நம் பாட்டிமார் சொல்வதுபோல, தெரிந்தவர் தெரிந்தவருக்கு எழுதியது.

இங்கேதான் அப்போது ஹார்வர்டில் இருந்த ஆப்பெழுத்து வல்லுநர் கோய்கோ பார்யமோவிச்சுடன் உணவு வேதியியலாளர் பியா சோரன்சென் சேர்ந்தார். நாலாயிரம் ஆண்டு ஆனாலும் இறைச்சி வேகிற விதம் மாறாது என்பதே சோரன்செனின் தொடக்கப்புள்ளி. பொருள் தெளிவில்லாத ஒரு சொல், நுரை தரும் சோப்வோர்ட் செடியைக் குறிக்கலாம் என்று கருதப்பட்டது. போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் கசப்பு, நுரை. வாயில் வைக்க முடியவில்லை. அந்த ஊகம் அத்தோடு போயிற்று. அகராதியில் தீராத வழக்கு அடுப்பில் தீர்ந்தது என்பதால், இந்த முயற்சியிலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கசந்தால் தள்ளிவிடலாமா என்று பாகற்காய் தின்னும் நாம் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய நாக்கை மட்டும் நம்பி பாபிலோனியர் ருசியைத் தீர்மானிக்க முடியாது. அதற்கு அந்த மண்ணின் சமையல் தெரிந்தவர் வேண்டும். ‘தூஹு’ என்ற குழம்பில் செம்மறி இறைச்சி, கொழுப்பு, பீட்ரூட், வெங்காயம், பியர், சீரகம், கொத்தமல்லி சேர்கின்றன. பாக்தாத் யூதர் வீடுகளில் இறைச்சியும் பீட்ரூட்டும் சேர்ந்த குழம்பு நம் காலம்வரை வந்திருக்கிறது. ஈராக்கியச் சமையல் வரலாற்றாசிரியர் நவால் நஸ்ரல்லாவும் பழைய குழம்புக்கும் இன்றைய ஈராக்கியக் குழம்புக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டுகிறார்.

2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக நிகழ்ச்சி ஒன்றில் இந்தக் குழு பாபிலோனியக் குழம்புகளைச் சமைத்துப் பரிமாறியது. போத்தெரோவின் தீர்ப்பை இனி யாரும் மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. உணவு வரலாறு எழுதப் புறப்படும் குழுக்கள், அந்தந்த மண்ணின் அடுப்படியில் கை பழகிய ஒருவரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளட்டும். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கட்டும்.