வெறும் வயிற்றுத் தேநீரும் நாளைய தாய்மார்களும்



சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், ஓதிக்கொண்டிருந்த பதினைந்து வயது மாணவி ஒருத்தி திடீரென மயங்கிச் சாய்ந்தாள். முகத்தில் நீர் தெளித்து எழுப்பி, "இன்று என்னம்மா சாப்பிட்டாய்?" என வினவினேன். "காலையில் டீயும் இரண்டு வருக்கியும், ஆலிமா. மத்தியானம் கொஞ்சம் சோறு" என்றாள்.

அவளுடைய தாயார் ஏலத்தோட்டக் கூலி. பொழுது புலருமுன் போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியே மலைக்குச் சென்றால், திரும்புவது அந்தி சாயும் வேளையில்தான். தம்பிமாருக்கு ஊட்டி அனுப்பிவிட்டு, தான் தேநீரோடு பள்ளிக்கு ஓடுபவள் இந்தப் பெண். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022இல் தொடங்கப்பட்ட அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடல் வேகமாக வளரும் வயதோ அதற்குப் பின்னர்தான் வருகிறது.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டரை. பன்னிரண்டுக்குக் குறைந்தாலே இரத்தசோகை என்பர் மருத்துவர்கள். இவள் ஒருத்தியின் கதையன்று இது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள்.

மாதவிடாய் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. அதோடு சேர்ந்து இரும்புச் சத்தும் போகிறது. அதை ஈடுசெய்யும் உணவு இல்லையெனில் உடலின் சேமிப்புக் கரைந்துவிடும். பின்னர் திருமணமாகிக் கருவுற்றால், அந்த ஒரு கர்ப்பத்திற்கு மட்டும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படும். வெறும் பெட்டகத்திலிருந்து எதை எடுத்துக் கொடுப்பாள்? குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவ வேளை இரத்தப்போக்கைத் தாங்கமாட்டாத உடல் ஆகிய துயரங்களுக்கு வித்து பதினைந்து வயதிலேயே விழுந்துவிடுகிறது.

நம் வீடுகளில் மற்றொரு விந்தை. பேரீச்சம்பழம் தின்றால் இரத்தம் ஊறும் என்று நம்பி அதோடு நின்றுவிடுகிறோம். பேரீச்சை நல்ல உணவே. ஆயினும் அதில் இரும்பு மிகக் குறைவு. உடல் எளிதில் ஏற்கும் இரும்பு ஈரலிலும் இறைச்சியிலும் உள்ளது. அந்த ஈரல் துண்டு யார் தட்டில் விழுகிறது? அத்தாவுக்கும் அண்ணன்மாருக்கும் போக, சட்டியில் ஒட்டிய மசாலாதான் மகளுக்கு. இதைச் சொன்னால் சில மாமியார்கள் என்மீது கோபங்கொள்கின்றனர். கொள்ளட்டும்.

கேழ்வரகு, முருங்கைக் கீரை, பயறு வகைகளிலும் இரும்பு உண்டு. ஆனால் உணவோடு தேநீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மாறாக, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்கு சேரும்.

விடுமுறை நாள்களில் தாயோடு தோட்டத்திற்குச் செல்லும் சிறுமியர் வெறுங்காலோடு நடப்பதையும் கண்டிருக்கிறேன். நிழலும் ஈரமும் நிறைந்த மண்ணில், மலங்கழிப்பதால் பரவும் கொக்கிப்புழு உள்ளங்கால் வழியே உடலில் நுழைந்து, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். காலணியும், ஆறு மாதத்திற்கொருமுறை பள்ளியில் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரையும் இதற்குக் காப்பு.

பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற மாத்திரையைப் பெண்கள் பலர் சன்னலுக்கு வெளியே எறிகின்றனர். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்பதே காரணம். கறுப்பது தீங்கன்று; உணவுக்குப் பின் விழுங்கினால் புரட்டலும் குறையும். அதில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் உண்டு. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28 நாள்களுக்குள், தாய் தன் நிலையை அறியுமுன்னரே மூடிவிடும். கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்ட தாய்மாருக்கு, இக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 விழுக்காடு குறைந்ததாக 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

ரமலானில் பெண்பிள்ளைகள் குறித்து ஒரு சொல். மாதவிடாய் நாள்களில் நோன்பில்லை என மார்க்கமே சலுகை தந்திருக்க, வீட்டு ஆண்கள் அறிந்துவிடுவரோ என வெட்கி, அன்றும் பகல் முழுதும் பட்டினி கிடக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. தாய்மார்களே, அவளுக்கென ஒரு தட்டுச் சோற்றை அடுப்படியில் மூடி வையுங்கள்.

அம்மாணவிக்கு மருத்துவர் மூன்று மாதங்கள் தினமும் மாத்திரை தந்தார். தாயார் இப்போது இரவே கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்துவிட்டு மலையேறுகிறார். காலைத் தேநீர், பள்ளி விட்டு வந்தபின் மாலைத் தேநீராகிவிட்டது. கடைசிப் பரிசோதனையில் பதினொன்றரை.