பழைய வேகக் கார் வாங்குவோர் கவனத்திற்கு

வேகமாக ஓடும் சிறிய கார்களின் மீது தோட்டப்புற இளைஞர் பலருக்குத் தனி விருப்பம் உண்டு. நம் நாட்டில் தயாரான அத்தகைய கார்களுள் புகழ் பெற்றது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஆகும். மூன்று கதவுகளும் 1.8 லிட்டர் இயந்திரமும் கொண்ட இக்கார் 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் உற்பத்தி நின்று இன்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே, இப்போது விற்பனைக்கு வருபவை யாவும் வயதான கார்களே. வேகத்தை விரும்பியவர்களே அவற்றை ஓட்டியிருப்பர் என்பதையும் மறத்தலாகாது. மரம் சீவிச் சேர்த்த பணத்தைக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றை ஈண்டு விளக்குகிறோம்.

முதலாவது, கார் உண்மையானதுதானா என்று பாருங்கள். சாதாரண சத்ரியா 1.3, 1.5, 1.6 லிட்டர் இயந்திரங்களுடன் விற்கப்பட்டது. அதன் வெளித்தோற்றத்தை மாற்றி ஜிடிஐ என்று விற்க முடியும். இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வாங்காதீர். வேறு இயந்திரம் பொருத்தப்பட்டிருப்பின், அதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெறப்பட்டுள்ளதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே காரைப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்தால் பல குறைகள் மறைந்துவிடும். முடுக்கியதும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். இயந்திரம் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிடில், குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற குழம்பு படிந்திருப்பதும் அதே ஐயத்தை எழுப்பும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறவாதீர். கொதிநீர் பீறிட்டு உடலைச் சுடும்.

மூன்றாவது, டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டு, பட்டறை ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பட்டை ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். சிறு தொகையில் முடிய வேண்டிய வேலை, இயந்திரத்தையே பிரிக்கும் செலவாகிவிடும். ரசீது இல்லையெனில், பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கருதி, அச்செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

நான்காவது, ஓட்டிப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு மாற்றும்போது கரகரவென்று ஒலித்தால் கியர்ப்பெட்டி தேய்ந்துள்ளது. இயந்திரத்தின் சுழற்சி ஏறியும் காரின் வேகம் ஏறாவிடில் கிளச் வழுக்குகிறது. ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி மெல்ல ஓட்டும்போது டக்டக் என்ற ஓசை எழுந்தால், முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு இணைப்பு பழுதடைந்துள்ளது. பிரேக்கை அழுத்தும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் அதை அற்பமாக எண்ணாதீர். அது உங்கள் குடும்பத்தாரின் உயிரைப் பொறுத்தது. அழகுக்காகத் தாழ்த்தப்பட்ட கார், தோட்டத்துச் செம்மண் பாதையில் அடி தட்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, உடற்பகுதி. பின்சக்கர வளைவுகளிலும், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியிலும் துருவைத் தேடுங்கள். கதவு, முன்மூடி இடைவெளிகள் சீராக இல்லாமலோ சாயம் ஓரிடத்தில் வேறுபட்டோ இருந்தால் விபத்துக்குள்ளான காராக இருக்கலாம். விரிப்பின் அடியில் சேறும் ஈர நாற்றமும் வெள்ளத்தில் நனைந்ததற்கு அறிகுறிகள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

இறுதியாக, காருக்கு வங்கிக் கடன் நிலுவை உண்டா, செலுத்தாத அபராதங்கள் உண்டா என்று விசாரியுங்கள். உரிமம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் காரைச் சோதித்து, பெயர் மாற்றம் முறையாக நடைபெறுவதை நீங்களே உறுதி செய்யுங்கள். முன்பணம் கொடுத்தால் எழுத்து மூலம் ரசீது பெறுங்கள். விவரமறிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் நன்று.

குளிர்ந்த இயந்திரத்தைக் காட்டவும், சோதனைக்குக் காரைக் கொடுக்கவும் மறுப்பவரிடம் வாங்காமல் திரும்பி வருவதே இலாபம். கார் இன்னொன்று கிடைக்கும். உழைத்துச் சேர்த்த பணம் எளிதில் திரும்பக் கிடைப்பதில்லை.